கைராசியா, மண்ராசியா?

சகோதரிகளே, கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீடு கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. குடிவந்த புதிதில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கன்று வைத்தேன். மூன்றும் இலை பழுத்து, வேர் அழுகிப் போயின. "உன் கைக்குச் செடி தழையாதும்மா" என்று மாமியார் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் மனசில் முள்ளாய்த் தைத்தது.

போன வருஷம் என் பிறந்த வீட்டை விற்கும்படி ஆயிற்று. அம்மா இப்போது இல்லை. அவள் வைத்த மரத்தின் வேரில் முளைத்திருந்த ஒரே ஒரு கன்றை மட்டும் தொட்டியில் எடுத்து வந்தேன். அதையும் நட்டுச் சாகவிட்டால்? தரையில் வைக்கக் கையே வரவில்லை.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான், "முதல்ல மண்ணை அளந்து பாருங்கக்கா" என்றார். மண்ணை அளப்பதா? பத்தாவதோடு நின்ற எனக்கே புரிந்தது, உங்களுக்கும் புரியும்.

மண்ணில் மூன்று அளவுத் துகள்கள் இருக்கின்றன. 2 மில்லிமீட்டர் முதல் 0.05 வரை இருப்பது மணல். 0.05 முதல் 0.002 வரை வண்டல். அதற்கும் பொடியானது களி. இவை எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதை வைத்துத்தான் மணற்பாங்கு, களிமண், கலப்பு மண் என்று வகை பிரிக்கிறார்கள்.

செய்முறை இதுதான். ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் காயவைத்து, பொடித்து, கல், வேர் நீக்கிச் சலியுங்கள். நேரான கண்ணாடி பாட்டிலில் (பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும்) மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, ஒரு டீஸ்பூன் சோப்புத்தூள் சேருங்கள். ஒட்டிக்கிடக்கும் துகள்களை அது பிரித்துவிடும். இறுக மூடிப் பத்து நிமிஷம் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள்.

பெரிய துகள் சீக்கிரம் அடியில் இறங்கும். ஒரு நிமிஷத்தில் படிந்தது மணல். வெளியே ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல், இன்னொரு கோடு. களி படிய ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். பிறகு ஸ்கேலால் அளந்து கணக்குப் போட வேண்டியதுதான்.

எங்கள் மண் மொத்தம் 10 சென்டிமீட்டர் படிந்தது. மணல் 2, வண்டல் 3, களி 5. அதாவது களி மட்டும் நூற்றுக்கு 50! நாற்பதுக்கு மேல் போனாலே பெரும்பாலும் களிமண் வகைதான். ஆய்வுக்கூடக் கணக்குப்போல் துல்லியமாக இராது. வீட்டுத் தோட்டத்துக்கு இது போதும்.

பாட்டில் இல்லாதவர்கள் ஈரமண்ணைக் கட்டைவிரலால் நசுக்கி நாடாப்போல் தள்ளிப் பாருங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் அறுபடாமல் நீண்டால் களி அதிகம். நாடாவே வராவிட்டால் மணல்.

களியில் தண்ணீர் சீக்கிரம் வடியாது. நானோ தினமும் குடம் குடமாக ஊற்றியிருக்கிறேன்! வேர் மூச்சுவிட முடியாமல் அழுகியிருக்கிறது. கொஞ்சம் மணலைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். களியோடு சேர்ந்து இன்னும் இறுகிவிடக்கூடும். மக்கிய எருதான் மருந்து. துகளின் அளவு அதனால் மாறாது. ஆனால் துகள்கள் சிறு சிறு உருண்டைகளாகச் சேர்ந்து காற்றுக்கும் நீருக்கும் வழிவிடும்.

ஒரு முழ உயரம் மேடு கட்டி, நிறைய எருக் கலந்து அம்மாவின் கன்றை நட்டேன். மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர். இப்போது என் இடுப்பு உயரம்! நேற்று ரசத்துக்கு முதல் கொத்தைப் பறித்து வந்தவர் மாமியார்தான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. முகர்ந்து பார்த்து என் கையில் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செடி பட்டுப்போனால் உங்கள் கையை நொந்துகொள்ளாதீர்கள், சகோதரிகளே. முதலில் ஒரு பாட்டிலை எடுங்கள்.