அத்னானும் லீனாவும் பேசிய அரபு

"கார்ட்டூன் பார்ப்பது கூடாது" என்று மிம்பரில் ஒரே வரியில் முடித்துவிட்டு இறங்குவோர் ஒரு சாரார். பிள்ளை அழாமல் சோறு உண்ணட்டும் என்று கைப்பேசியை அதன் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்புவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பெரும்பாலும் ஒரே வீட்டிலேயே வசிக்கிறார்கள். ஜும்ஆவில் தலையசைத்துவிட்டு வந்த வாப்பாவே, அஸருக்குப் பின் "அழாதே, இந்தா பார்" என்று திரையைத் திறந்து கொடுக்கிறார். எனக்கு இரு சாராரோடும் வழக்கு உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பெரும் பயன் தரக்கூடிய பழைய கார்ட்டூன்கள் சில இருக்கின்றன. முதல் சாரார் அவற்றை அறியாமலேயே விலக்கிவிட்டார்கள். இரண்டாம் சாரார் அவற்றைத் தேடிப் பார்க்கவும் இல்லை.

நான் குறிப்பிடுவது, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் வரையப்பட்டு, பின்னர் தூய அரபு மொழியில் குரல் கொடுக்கப்பட்ட தொடர்களை. பக்தாத் நகரத்துச் சிறுவன் சிந்துபாதின் கதை 1975இல் வந்தது. அதே ஆண்டில் வந்த ஓர் இயந்திர மனிதத் தொடர் 'கிரண்டைஸர்' என்ற பெயரில் லெபனானில் அரபு பேசியது. 1978இல் மியாசாகி ஹயாவோ இயக்கிய தொடர், அரபு மக்களிடம் 'அத்னான் வ லீனா' ஆயிற்று. காற்பந்துச் சிறுவனின் கதை 'கேப்டன் மாஜித்' ஆயிற்று. பிற்காலத்தில் டமாஸ்கஸ் நகரின் ஸஹ்ரா நிலையம் இப்பணியைப் பெரிய அளவில் செய்தது.

இவை ஏன் தூய அரபில் அமைந்தன? மொழிப்பற்று ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வணிகத் தேவை அதனினும் வலுவான காரணம். மொராக்கோவின் பேச்சுமொழி ஈராக்கியருக்கு எளிதில் விளங்காது. ஒரு முறை குரல் பதிவு செய்து, அரபு நாடுகள் அனைத்துக்கும் விற்க வேண்டுமானால், எல்லோருக்கும் பொதுவான ஃபுஸ்ஹாவே வழி. அதன் விளைவாக, வீட்டில் கொச்சை அரபு பேசிய ஒரு தலைமுறைப் பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்குச் செல்லும் முன்பே இலக்கண அரபைக் காதால் கற்றுக்கொண்டார்கள். "எங்களுக்கு ஃபுஸ்ஹா கற்றுத் தந்தவை கார்ட்டூன்களே" என்று இன்று நாற்பதைக் கடந்த அரபுகள் பலர் சொல்வதைக் கேட்கலாம்.

நம் நிலையோ வேறு. நம் பிள்ளை ஐந்து வயதில் மக்தபில் அலிஃப், பே தொடங்குகிறது. பத்து வயதில் குர்ஆனை ஓதி முடிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், விருந்தும் நடக்கிறது. அந்தப் பிள்ளையிடம் "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்பதை அரபில் சொல்லச் சொல்லிப் பாருங்கள். அதைவிட வருத்தம் தருவது, பத்து ஆண்டுகள் துபாயிலோ ரியாதிலோ வாழ்ந்து திரும்பும் குடும்பங்களின் நிலை. பிள்ளைகள் ஆங்கிலமும் இந்தியும் சரளமாகப் பேசுகிறார்கள். அரபு கேட்டால் விழிக்கிறார்கள். குர்ஆனின் மொழி பேசப்படும் மண்ணில் வளர்ந்தும் அம்மொழியின் கதையொன்றைக்கூடக் கேளாமல் ஊர் திரும்புகிறார்கள். இதற்கு யாரும் மிம்பரில் வருந்துவதாகத் தெரியவில்லை.

மத்ரஸாவில் நஹ்வு கற்பிக்கும் எனக்கு இதன் வேதனை தெரியும். எழுவாய்க்கு ளம்மா, செயப்படுபொருளுக்கு ஃபத்ஹா என்று மாணவர் மனப்பாடமாகச் சொல்வார். ஸைது அம்ரை அடித்துக்கொண்டே இருப்பார். மாணவருக்கு அவர்கள் இருவரையும் தவிர வேறு யாரையும் தெரியாது. ஆனால் அத்னான் கடற்பாறையில் நின்று கூவும்போது, அந்த ளம்மாவும் ஃபத்ஹாவும் உயிருள்ள வாயிலிருந்து வருகின்றன. இத்தொடர்களில் தீயவன் எரிச்சலடைந்தால் "தப்பன் லக!" என்று சபிப்பது வழக்கம். அரபுப் பிள்ளைகள் அதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஸஃபா குன்றில் அபூலஹப் நபி (ஸல்) அவர்களை நோக்கிச் சொன்னதும் அதே சொற்கள்தாம். அச்சொல்லை அவன் மீதே திருப்பிய அத்தியாயத்தை நம் பிள்ளைகள் தொழுகையில் அன்றாடம் ஓதுகிறார்கள். திரையில் அந்தச் சாபத்தைக் கேட்ட பிள்ளைக்கு, 'தப்பத்' என்ற சொல்லின் சூட்டை நான் விளக்க வேண்டிய தேவை இராது.

கதையும் அற்பமானதன்று. அத்னானின் கதையில், பயங்கர ஆயுதங்களால் நடந்த போரில் நிலப்பரப்பின் பெரும்பகுதி கடலுக்குள் மூழ்கிவிடுகிறது. அந்தப் போர் 2008இல் நடந்ததாகக் கதை சொல்கிறது. அதாவது, வரைந்தவர்களுக்கு முப்பது ஆண்டுகள் எதிர்காலம். ஒரு சிறு தீவில் அத்னானும் அவனுடைய பாட்டனாரும் மட்டும் வாழ்கிறார்கள். கரையில் ஒதுங்கும் சிறுமி லீனாவை ஆயுதம் தாங்கியவர்கள் பிடித்துச் செல்கிறார்கள். அவளுடைய பாட்டனாருக்குச் சூரிய ஆற்றலின் இரகசியம் தெரியும். அது கொடுங்கோலர்களுக்குத் தேவை. அத்னானின் பாட்டனார் இறக்கும் தறுவாயில், தனியே இருந்துவிடாதே, மனிதர்களைத் தேடிச் செல் என்கிறார். அவரை அடக்கம் செய்துவிட்டுச் சிறுவன் கடலில் புறப்படுகிறான். மரணம் இங்கே மறைக்கப்படவில்லை, சிரிப்பாகவும் ஆக்கப்படவில்லை. அறிவை அநீதியாளனிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதை எந்தப் பாத்திரமும் உபதேசமாகச் சொல்வதில்லை. லீனா வாய் திறக்க மறுக்கிறாள், அவ்வளவுதான். (கால்விரல்களால் தொங்கிக்கொண்டு அத்னான் செய்யும் சாகசங்களைப் பிள்ளைகள் வீட்டில் முயலாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.)

"இஸ்லாமியக் கார்ட்டூன்கள் இருக்கின்றனவே, மாற்றார் வரைந்தவை எதற்கு?" என்று கேட்பீர்கள். பெயரில் மட்டும் இஸ்லாம் உள்ள பல படங்களை நான் பார்த்திருக்கிறேன். தொப்பி அணிந்த ஒரு நல்ல பையன், தொப்பி அணியாத ஒரு கெட்ட பையன். ஐந்தாவது நிமிடத்தில் கெட்டவன் அழுது திருந்திவிடுவான். பிள்ளைகள் இதை நம்புவதில்லை. மாறாக, ஸஹ்ரா நிலையம் குரல் கொடுத்த 'சாலி'யைப் பாருங்கள். செல்வச் சிறுமி ஒருத்தி, தந்தை இறந்ததும், தான் படித்த விடுதியிலேயே வேலைக்காரியாக்கப்படுகிறாள். யதீமை ஒடுக்காதே என்ற கட்டளையின் பொருளை, அவள் பசியோடு மாடியறைப் படியேறும் காட்சி உணர்த்துகிற அளவுக்கு என் பாடம் உணர்த்துமா என்பது ஐயமே.

உருவம் பற்றிய ஆட்சேபத்தை நான் இலேசாகக் கருதவில்லை. வரைந்த உருவங்கள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே சிறகுள்ள குதிரையொன்றைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்ற மறுமொழியைக் கேட்டுக் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. சிறுவர் விளையாட்டுக்கு அறிஞர்களில் பெரும்பாலோர் தந்துள்ள சலுகையை மறைத்துவிட்டு, முழுக் கதவையும் அடைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். அடைத்த கதவின் பின்னால் பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா?

குறைகள் இல்லாமல் இல்லை. சிந்துபாதில் சூனியமும் ஜின்களும் நிறைய; அவை கதை என்று பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும். கிரண்டைஸரில் சண்டை மிகுதி. என் வீட்டில் அதற்கு இடமில்லை. கேப்டன் மாஜித் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி முடிப்பதற்குள் ஒரு நாள் தொடர் முடிந்துவிடும். பொறுமைக்கு நல்ல பயிற்சிதான். தொடக்கப் பாடலின் இசையை விரும்பாதோர் அதைத் தாண்டிச் செல்லலாம்.

பார்க்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். அத்னான் தொடர் மொத்தம் 26 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று என்று வைத்தால் அரையாண்டு வரும். பெரிய திரையில், பெற்றோரில் ஒருவர் அருகில் அமர்ந்து பாருங்கள். ஒரு பகுதி முடிந்தவுடன் இணையம் தானாகவே அடுத்ததை ஓட்டும்; அந்த வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். டிஸ்னியின் பழைய அரபுப் படங்களை இதற்குப் பதிலாக எடுத்துவிடாதீர்கள். 1994இன் சிங்க ராஜா எகிப்தியப் பேச்சுமொழியில் உள்ளது. நம் நோக்கத்துக்கு உதவாது. முதல் மூன்று வாரம் பிள்ளைக்கு ஏதும் புரியாது. தமிழில் சொல்லிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். நான்காவது வாரம், உணவு மேசையில், தம்பியைப் பார்த்து "ஹய்யா பினா!" என்று அது கூப்பிட்டால், எந்தப் பகுதியில் கேட்டாய் என்று மட்டும் கேளுங்கள்.