நிலம் பிளந்த பிறகு திட்டமா?

மாட்டுங்கா லேபர் கேம்பிலும் தாராவியிலும் செம்பூரிலும் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிற நம் தோழர்களுக்கு ஆயிரம் கவலைகள் உண்டு. வாடகைக் கவலை, தண்ணீர்க் கவலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால், படுத்திருக்கும் தரை விடிவதற்குள் வாயைப் பிளந்து நம்மை விழுங்கிவிடுமோ என்ற கவலை மட்டும் நமக்கு இல்லை. அந்தக் கவலையோடு ஒவ்வோர் இரவும் கண்ணை மூடுகிற தொழிலாளர் குடும்பங்கள் இதே நாட்டில் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

ஜார்க்கண்ட் மாநிலம், தன்பாத் மாவட்டம், ஜாரியா. இந்திய உருக்காலைகளுக்கு வேண்டிய முதல்தரக் கோக்கிங் நிலக்கரி கிடைக்கும் பூமி. அங்கே 2017 மே மாதத்தில் இந்திரா சௌக் அருகே திடீரென்று தரை பிளந்தது. ஒரு தந்தையும் அவருடைய மகனும் அந்தக் குழிக்குள் போய் மாண்டார்கள். அடுத்த மாதமே, ஜூன் 15 அன்று, நிலத்தடி நெருப்பால் ஆபத்து என்று சொல்லித் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையை மூடினார்கள். சுமார் 34 கிலோமீட்டர் தூரம் ரயில் நின்றது. 2019-இல்தான் மறுபடியும் ஓடியது. தண்டவாளத்துக்கு ஆபத்து என்றால் ஒரே உத்தரவில் ரயிலை நிறுத்த முடிகிறது. தலைமுறை தலைமுறையாக அதே நெருப்பின் மேல் குடியிருக்கும் மனிதர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன?

நமக்கென்ன என்கிறீர்களா?

"ஜாரியா எங்கே, மாட்டுங்கா எங்கே? நம் பாடே பெரும்பாடு" என்று சிலர் கேட்கலாம். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கைபட்ட ஒவ்வொரு இரும்பையும் கேளுங்கள், நிலக்கரியின் கதையை அது சொல்லும். கோலார் தங்கவயலைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. கீழே பாறை வெடித்தால் மேலே தொழிலாளர் குடியிருப்புகளின் சுவர்கள் ஆடின. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பூமியைக் குடைந்தவனுக்கு என்ன மிஞ்சும் என்பதை நம் இனத்தார் உடம்பால் அறிந்தவர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2023 மார்ச் இறுதியில், தஞ்சை மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. விவசாயிகள் கொதித்தார்கள், சட்டமன்றம் பேசியது, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மண்வெட்டி விழும் முன்பே கேட்டதால் அங்கே நின்றது. ஜாரியாவில் கேட்பதற்குள் பூமியே போய்விட்டது. இந்த வேறுபாட்டைத்தான் நாம் இங்கே பேசுகிறோம்.

தூணைப் பிடுங்கியது யார்?

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை எப்படி நடக்கிறது? முதலில் கரிக்குள் குறுக்கும் நெடுக்கும் தெருக்களைப் போல வழிகளை வெட்டுவார்கள். இடையிடையே கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். மேலே உள்ள பூமியை இந்தத் தூண்கள்தான் தாங்குகின்றன. தூணிலும் கரி இருக்கிறது, கரியில் காசு இருக்கிறது. ஆகவே, கடைசியில் பின்வாங்கிக்கொண்டே அந்தத் தூண்களையும் எடுக்கிறார்கள். எடுத்த வெற்றிடத்தில் தண்ணீரோடு மணலைப் பாய்ச்சி நிரப்பினால் மேல்நிலம் கொஞ்சமாகத்தான் இறங்கும். நிரப்பாமல் விட்டால் கூரை சரியும். ஆழம் குறைந்த இடத்தில் சரிவு மேல்தரை வரைக்கும் வந்து சேரும். வெடிப்பு வழியே காற்று உள்ளே இறங்கும். காற்றுப் பட்ட கரி தானாகவே கனன்று தீப்பிடிக்கும். தீ மிச்சத் தூண்களையும் தின்னும். நிலம் இன்னும் உள்வாங்கும். இது ஒரு சங்கிலி. இதில் முதல் கண்ணி இயற்கையின் சீற்றமல்ல, மணல் செலவை மிச்சம் பிடித்தவனின் கணக்கு.

இது தெரியாமல் நடந்த தவறும் அல்ல. ஜாரியாவில் முதல் நெருப்பு 1916-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மணல் நிரப்புவதற்கென்றே வெள்ளைக்கார ஆட்சி 1939-இல் ஒரு சட்டம் போட்டது. நோயும் தெரியும், மருந்தும் தெரியும். ஆனாலும் வெள்ளைக்காரக் கம்பெனிகளும் உள்நாட்டு முதலாளிகளும் போட்டிபோட்டுக்கொண்டு மேல்மட்டக் கரியைச் சுரண்டினார்கள். லாபம் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் போனது. வெற்றிடம் ஜாரியாவில் தங்கியது.

"அது பழைய முதலாளிகளின் பாவம்" என்று இன்றைய அதிகாரிகள் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் 1971 முதல் 1973-க்குள் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசவுடைமை ஆயின. தொழிலாளி வர்க்கம் அதை வரவேற்றது, நாமும் வரவேற்கிறோம். சொத்தை எடுத்துக்கொண்டவன் அதன் கடனையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா? அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் செத்துப்போன முதலாளியின் பெயரைச் சொல்லித் தப்பிப்பது?

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை

ராணிகஞ்ச் பகுதியின் தொழிற்சங்கத் தலைவரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான ஹராதன் ராய் 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அதன் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின. 2009 ஆகஸ்டில் மத்திய அரசு பெருந்திட்டம் ஒன்றை ஏற்றது. ஜாரியாவுக்கு 7,112 கோடி ரூபாய், ராணிகஞ்சுக்கு 2,661 கோடி ரூபாய். அதன் காலம் 2021-இல் முடிந்தது. வேலை முடியவில்லை. 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாயில் ஜாரியாவுக்குத் திருத்திய திட்டம் வந்திருக்கிறது.

இந்தத் திட்டங்களில் நல்ல அம்சமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாழ்வாதார மானியம், மூன்று லட்சம் வரை கடன் வசதி என்றெல்லாம் புதிய திட்டத்தில் இருக்கிறது. ஆனால் இவை நிலம் பிளந்த பிறகு மனிதர்களை அப்புறப்படுத்தும் திட்டங்கள். நிலம் பிளக்காமல் பார்த்துக்கொள்ளும் திட்டம் எங்கே? அனுமதி கொடுக்கும் நாளிலேயே அது கேட்கப்பட்டிருக்க வேண்டாமா?

"பெல்காரியாவில் வீடு கட்டிக் கொடுத்தோம், மக்கள்தான் போக மறுக்கிறார்கள்" என்று ஒரு வாதம். தோழர்களே, இந்த வாதத்தை நாம் எங்கே கேட்டோம்? மாஹுலில் கேட்டோம்! தான்சா குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்து, மக்களைச் செம்பூர் மாஹுலில் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே கொண்டுபோய்த் தள்ளினார்களே, அப்போதும் "வீடுதான் கொடுத்தோமே" என்றார்கள். 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. வேலை ஓரிடத்தில், வீடு வேறிடத்தில் என்றால் தொழிலாளி எதைத் தின்பான்? ஜாரியாவின் தினக்கூலிக்கும் அதே கேள்விதான்.

பட்டாவைப் பார்த்தா குழி விழுங்குகிறது?

ஜாரியாவில் பாதிக்கப்பட்ட குடும்பங்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். சட்டப்படி உரிமை உள்ளவர்கள் சுமார் 32 ஆயிரம் குடும்பங்கள். உரிமைப் பத்திரம் இல்லாதவர்கள் சுமார் 72 ஆயிரம் குடும்பங்கள். அரசுக் காகிதத்தில் இரண்டாம் வகையினருக்கு ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெயர். கரி வெட்டவும் சுமக்கவும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்களில் உண்டு. வேலைக்கு வேண்டும்போது தொழிலாளி, வீடு கேட்கும்போது ஆக்கிரமிப்பாளன்!

இந்த மொழி நமக்குப் புதிதா? "எந்தத் தேதிக்கு முன் வந்தாய்? காகிதம் எங்கே?" என்று 1976 குடிசைக் கணக்கெடுப்பிலிருந்து நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய தாராவித் திட்டத்திலும் 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததாகக் காட்டினால் தாராவிக்குள் வீடு. பின்னால் வந்தவனுக்கும் மாடியில் இருப்பவனுக்கும் தாராவிக்கு வெளியே இடம். தேதி என்பது ஆள்வோரின் கத்தி. பூமிக்கு அந்தக் கத்தி தெரியாது. அது விழுங்கும்போது பட்டாவைக் கேட்பதில்லை.

வெளியே எப்படி?

அமெரிக்காவில் 1977-இல் வந்த சுரங்கச் சட்டத்தின் கீழ், மேலே வீடோ குடிநீர்க் கிணறோ பாதிக்கப்படக்கூடும் என்றால், நிலத்தடிச் சுரங்கத்துக்கு அனுமதி கேட்பவன் நிலம் உள்வாங்குவதை எப்படிக் கட்டுப்படுத்துவான் என்ற திட்டத்தையும் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். 1992-இல் போட்ட சட்டம், சேதமான குடியிருப்பைப் பழுதுபார்க்கவோ ஈடுகட்டவோ, கெட்டுப்போன குடிநீருக்கு மாற்றுத் தரவோ சுரங்கக்காரனைக் கட்டாயப்படுத்துகிறது. பிரிட்டனில் 1957-லேயே இதற்கென்று தனிச்சட்டம் வந்துவிட்டது. ஜெர்மனியின் 1980 சுரங்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சுரங்கத்தின் தாக்கத்துக்கு உட்பட்ட வட்டாரத்தில் அதற்கேற்ற விதத்தில் வீடு விரிந்தால், சுரங்கமே காரணம் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். காரணம் அதுவல்ல என்று நிரூபிப்பது சுரங்கக்காரன் பாடு.

அந்த நாட்டு முதலாளிகள் புண்ணியவான்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கேயும் அழுத பிள்ளைதான் பால் குடித்தது. இங்கே நிலை என்ன? சட்டமே இல்லை என்பதல்ல. பொதுச் சாலை, ரயில், கட்டடம் இவற்றிலிருந்து 45 மீட்டருக்குள் தூண் எடுக்க வேண்டுமானால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்று 1957 விதிகளிலேயே உண்டு. ஆனால் அது நிர்வாகத்துக்கும் இயக்குநரகத்துக்கும் இடையே போய்வரும் காகிதம். மேலே குடியிருப்பவன் அதில் ஒரு தரப்பே அல்ல. தன் அடுக்களைக்குக் கீழே எந்தத் தூண் எந்த மாதம் எடுக்கப்படுகிறது என்று அவனுக்கு யார் சொல்கிறார்கள்?

இப்போது ஏன் பேச வேண்டும்?

2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்து எடுக்க மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. அதற்காக 2025-இல் நிலத்தடிச் சுரங்கங்களின் குறைந்தபட்ச வருவாய்ப் பங்கை 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது, முன்பணத்தையும் தள்ளுபடி செய்தது. திறந்தவெளிச் சுரங்கம் ஊரையே விழுங்கும், நிலத்தடிச் சுரங்கம் ஊரை விட்டுவைக்கும் என்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வெற்றிடத்தை நிரப்பினால்தான் அது நியாயம். நிரப்பாவிட்டால் அதே ஊரைத் தவணை முறையில் விழுங்குவதுதான் மிச்சம். முதலாளிக்குச் சலுகையை முன்கூட்டியே கொடுக்க முடிகிற அரசு, குடியிருப்பவனின் பாதுகாப்பையும் முன்கூட்டியே கேட்கட்டும்.

நம் கோரிக்கைகள் இவை:

1. நிலம் உள்வாங்குவதைக் கட்டுப்படுத்தும் திட்டம் இல்லாமல் எந்த நிலத்தடிச் சுரங்கத்துக்கும் அனுமதி கூடாது. ஒவ்வொரு வீடும் கிணறும் பள்ளிக்கூடமும் குறித்த வரைபடத்தோடு, அந்த ஊர் மொழியில் அது ஊர்மக்கள் கைக்கு வர வேண்டும்.

2. தோண்டும் முன்பே வீடுகளின், கிணறுகளின் நிலையைச் சுரங்கத்தின் செலவில் பதிவு செய்து, ஒரு நகலை வீட்டுக்காரரிடம் தர வேண்டும்.

3. குடியிருப்புக்குக் கீழே நிரப்பாமல் தூண் எடுக்கக் கூடாது. நிரப்பும் செலவை முன்பணமாகக் கட்டிய பிறகே வேலை தொடங்க வேண்டும்.

4. சுவர் விரிந்தால், சுரங்கம் காரணமல்ல என்று நிரூபிக்கும் பாரம் சுரங்கத்தின் மேல் இருக்க வேண்டும்.

5. பட்டா உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவினை கூடாது. மாற்று வீட்டோடு மாற்று வேலையும் வேண்டும்.

ஜாரியாவின் தொழிலாளிக்கு இதை வாங்கிக் கொடுத்தால், நாளை நம் தலைக்கு மேலோ காலுக்குக் கீழோ ஒரு திட்டம் வரும்போது அதே வாதம் நமக்கும் ஆயுதமாகும். ஆகவே இந்த இதழைப் படித்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கோலியில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துக்காரர் என்றால் அவருடைய ஊர்க் கதையையும் கேளுங்கள். எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்துக் கேட்டு வருகிறவனிடம், "முதலில் வரைபடத்தைக் காட்டு" என்று கேட்கப் பழகுவோம். தரை உறுதியாக இருக்கும் நாளில்தான் அந்தக் கேள்விக்குப் பலன் உண்டு.