அபயக் குரலுக்குக் கட்டணமா?

இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், தமிழக மலைகளை ஒட்டி அமைந்துள்ளது வட்டவடை ஊராட்சி. பூண்டும் கேரட்டும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் விளையும் மண். கோவிலூர், கொட்டாக்கம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு ஆகிய ஊர்களில் வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் ஆவர். அவற்றைச் சுற்றியுள்ள குடிகளில் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அங்கிருந்து மூணாறு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். சாலை பாம்பாடும் சோலைத் தேசியப் பூங்காவின் காட்டைக் கடந்து, டாப் ஸ்டேஷன் வழியாக வளைந்து வளைந்து செல்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தாலும் மரம் விழுந்தாலும் ஊர் துண்டிக்கப்படும்.

அங்கே ஒரு வீட்டில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், அல்லது ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி முற்றினால், இரண்டு கேள்விகள் எழுகின்றன. யாரை அழைப்பது? எவ்வளவு செலவாகும்? இந்த இரண்டாவது கேள்வி எந்த வீட்டிலும் எழக்கூடாது. உயிர் காக்கும் உதவியை அழைப்பதற்கு விலை இருக்கக் கூடாது என்பது உழைக்கும் மக்கள் நீண்ட போராட்டத்தின் மூலம் நிலைநாட்டிய நெறி. அந்த நெறி இன்று பல திசைகளிலிருந்தும் அரிக்கப்பட்டு வருகிறது.

கட்டணம் எதை வடிகட்டும்?

அவசர உதவியை அழைப்போரிடம் ஒரு சிறு தொகையாவது வாங்க வேண்டும் என்போர் இரண்டு காரணங்களைச் சொல்கின்றனர். ஒன்று, வீண் அழைப்புகள் குறையும். மற்றொன்று, அரசின் செலவு ஓரளவு ஈடாகும்.

வீண் அழைப்புகள் வருவது உண்மை. விளையாட்டுக்காக 108ஐ அழைப்போரும், சாதாரணக் காய்ச்சலுக்கு ஆம்புலன்ஸ் கேட்போரும் உள்ளனர். ஆனால் கட்டணம் என்ற சல்லடை வீண் அழைப்பையும் உயிர் போகும் அழைப்பையும் பிரித்தறியாது. பணம் உள்ளவர், பணம் இல்லாதவர் என்று மட்டுமே அது பிரிக்கும். அமெரிக்காவில் 1970களில் தொடங்கி ராண்ட் நிறுவனம் நடத்திய மருத்துவக் காப்பீட்டு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கைப்பணம் செலுத்த வேண்டியிருந்தவர்கள் தேவையற்ற மருத்துவத்தை மட்டும் தவிர்க்கவில்லை. தேவையான மருத்துவத்தையும் ஏறத்தாழ அதே அளவில் தவிர்த்தனர். நெஞ்சுவலி வாயுத் தொல்லையா, மாரடைப்பா என்பதை மருத்துவரே பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அதைப் படுக்கையருகே நிற்கும் மனைவி, கையிருப்பை எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே கட்டணவாதிகள் சொல்லும் நியாயம்.

வேண்டுமென்றே பொய் அழைப்பு விடுப்பவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. அறியாமல் அழைப்பவருக்கு வழிகாட்டப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் தேவை. இவ்விரண்டையும் விட்டுவிட்டு, வலியில் துடிப்பவரிடம் ரசீது நீட்டுவது தீர்வாகாது.

ஒரு பயணம், இருபத்து மூன்று நாள் கூலி

கேரளத்தில் 2019இல் ‘கனிவு 108’ திட்டம் 315 ஆம்புலன்ஸ்களுடன் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் 2008 முதல் 108 சேவை இயங்கி வருகிறது. அதன் வண்டிகள் 1,300க்கும் மேல். இரு மாநிலங்களிலும் அழைப்பவரிடம் பணம் வாங்குவதில்லை. இவை காக்கப்பட வேண்டிய சாதனைகள்.

ஆயினும், அரசு வண்டி வேறொரு நோயாளியை ஏற்றிச் சென்றிருந்தால், குடும்பம் தனியார் வண்டியைத்தான் நாட வேண்டும். தனியார் ஆம்புலன்ஸ்கள் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டு வந்த நிலையில், கேரள அரசு 2024 செப்டம்பரில் கட்டணங்களை நிர்ணயித்தது. தீவிர சிகிச்சை வசதி கொண்ட வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்குக் குறைந்தபட்சம் 2,500 ரூபாய். அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 50 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு 20 சதவீதச் சலுகை. கொள்ளையைத் தடுக்க எடுக்கப்பட்ட இந்த நடவடிக்கை வரவேற்கத்தக்கதே.

ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட விலையும் விலைதான். வட்டவடையிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ 180 கிலோமீட்டர். இந்தக் கணக்கின்படி அங்கு சென்று சேர்வதற்கு மட்டும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். சலுகை போனாலும் 8,000 ரூபாய்க்குக் குறையாது. 2024-25ஆம் ஆண்டில் கேரளத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 346 ரூபாய். ஆக, ஒரு நோயாளியை ஒருமுறை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கக் குறைந்தது 23 நாள் உழைப்பை விற்க வேண்டும். பூண்டு விலை எப்போது சரியும், விற்ற காய்கறிக்குப் பணம் எப்போது கைக்கு வரும் என்று தெரியாத சிறு விவசாயி அந்தத் தொகைக்காக யாரிடம் கைநீட்டுவார் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். வட்டிக்கடன் அந்த இரவில்தான் தொடங்குகிறது.

தொலைவு கூடக்கூடக் கட்டணமும் கூடுகிறது. அதாவது, மருத்துவமனை இல்லாத ஊரில் பிறந்ததற்காக ஏழை கூடுதலாகச் செலுத்துகிறார். மருத்துவமனைக்கு அருகில் வாழும் நகரவாசி குறைவாகச் செலுத்துகிறார். சந்தையின் நீதி இதுவே.

வீடு எரிய, வேடிக்கை பார்த்த தீயணைப்பு வண்டி

இந்தச் சந்தை நீதி முழுமையாகச் செயல்பட்டால் என்ன நடக்கும் என்பதை உலகின் மிகப் பணக்கார நாடு காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சவுத் ஃபுல்ட்டன் நகரத் தீயணைப்புத் துறை, நகருக்கு வெளியே வாழ்வோரிடம் ஆண்டுக்கு 75 டாலர் கட்டணம் வசூலித்து வந்தது. 2010 செப்டம்பரில், கட்டணம் செலுத்தாத ஒரு குடும்பத்தின் வீடு தீப்பிடித்தது. வண்டி வந்தது. ஆனால் கட்டணம் செலுத்தியிருந்த அண்டை வீட்டாரின் நிலத்தில் தீ பரவாமல் பார்த்துக்கொண்டு, எரியும் வீட்டை வேடிக்கை பார்த்தது. எவ்வளவு பணம் வேண்டுமானாலும் தருகிறோம் என்று அக்குடும்பம் கெஞ்சியும் பயனில்லை. வீடு சாம்பலானது. தீயை அணைக்கக் கருவியும் இருந்தது, ஆட்களும் இருந்தனர். பட்டியலில் பெயர் மட்டும் இல்லை.

அதே நாட்டில், எதிர்பாராத மருத்துவக் கட்டணங்களிலிருந்து நோயாளிகளைக் காக்க 2022 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம்கூட, சாலை வழி ஆம்புலன்ஸ்களை விலக்கியே வைத்தது.

மீட்புக்கும் ரசீது

தனிமனிதரிடம் கட்டணம் கேட்கும் இதே மனப்பான்மையை ஒன்றிய அரசு ஒரு மாநிலத்தின் மீதே காட்டுகிறது. 2018 பெருவெள்ளத்தில் மூழ்கிய கேரளத்துக்கு அனுப்பிய அரிசிக்கு 205 கோடி ரூபாய்க்கு மேல் விலை கேட்டது. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு விழுங்கியது. அதன் துயரம் ஆறும் முன்பே, கடந்த ஆண்டுகளின் பேரிடர்கள் முதல் வயநாடு வரையிலான விமானப்படை மீட்புப் பணிகளுக்காக 132 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தக் கோரும் கடிதம் வந்தது. 2024 டிசம்பரில் இது வெளியானபோது கேரளம் முழுவதும் கண்டனம் எழுந்தது.

விமானப்படை நாட்டு மக்களின் வரிப்பணத்தில் இயங்குவது. அதன் வீரர்கள் உயிரைப் பணயம் வைத்து மீட்டனர். அவர்களுக்கு மக்கள் என்றும் நன்றியுடையவர்கள். ரசீது அனுப்பியது வீரர்கள் அல்ல, ஆட்சியாளர்கள். 2018இல் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றிய கேரள மீனவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அரசு படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் அறிவித்தபோது, உயிரைக் காத்ததற்குப் பணம் வேண்டாம் என்ற குரல் அந்த உழைப்பாளிகளிடமிருந்தே எழுந்தது. இரண்டு வர்க்கங்களின் இரண்டு பண்பாடுகள் இவை.

நிதி இல்லை என்பது பதிலாகாது

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இந்நாட்டில் எப்போதோ பதில் சொல்லப்பட்டுவிட்டது. பணம் செலுத்த இயலாமையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று 1946இலேயே போர் குழு பரிந்துரைத்தது. 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் படுகாயமடைந்த ஒரு விவசாயத் தொழிலாளி, கல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அலைக்கழிக்கப்பட்டு, இறுதியில் தனியார் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. அவர் உறுப்பினராக இருந்த மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பு உச்சநீதிமன்றம் வரை சென்றது. உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை பெறுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அரசு இக்கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் 1996இல் தீர்ப்பு வந்தது. ஆம்புலன்ஸ் ஏற்பாடும் அத்தீர்ப்பின் வழிகாட்டல்களில் ஒன்று.

அன்று அம்மாநிலத்தில் இருந்தது இடது முன்னணி அரசு என்பதை மறைக்கத் தேவையில்லை. எந்த அரசாயினும், உழைக்கும் மக்களின் அமைப்பு தட்டிக் கேட்கும்போதுதான் உரிமை எழுத்திலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பதே அதன் படிப்பினை.

2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, பொது சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக வாக்களித்தது. அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. பெருமுதலாளிகளுக்கு வரிச்சலுகை தர நிதி இருக்கிறது. மலைக்கிராமத்துக்கு வண்டி அனுப்பத்தான் இல்லை.

இலவசம் என்றால் மட்டும் போதாது

கட்டணம் இல்லை என்று அறிவித்துவிட்டால் கடமை முடிந்துவிடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மலை சரிந்து மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். கொட்டும் மழையில் மின்சாரம் இல்லை, தொலைத்தொடர்பும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. அன்றிரவு அவசர எண் இலவசமாகத்தான் இருந்தது. அழைக்கத்தான் வழியில்லை.

எல்லையோர மக்களுக்கு இன்னும் சில தடைகள் உண்டு. அலைபேசி அண்டை மாநிலக் கோபுரத்தைப் பிடித்தால், அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். திருவனந்தபுரத்தில் எடுப்பவர் மலையாளத்தில் கேட்க, பதறி நிற்கும் மூதாட்டி தமிழில் இடம் சொல்ல, பொன்னான நிமிடங்கள் கழியும். ஒரு லட்சம் பேருக்கு ஒரு வண்டி என்ற கணக்கு சமவெளிக்குப் பொருந்தலாம். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் மலை ஊராட்சிக்கு அந்தக் கணக்கில் வண்டியே வராது. சாலையில்லாத குடிகளிலோ, கம்பில் துணி கட்டி நோயாளியைத் தோளில் சுமந்து வரும் நிலை இன்னும் முடிந்தபாடில்லை.

வண்டியை ஓட்டுபவரின் நிலையையும் பார்க்க வேண்டும். 108 சேவையை அரசே நேரடியாக நடத்தாமல் ஒப்பந்த நிறுவனத்திடம் விட்டிருப்பதால், ஓட்டுநர்களும் அவசர மருத்துவ உதவியாளர்களும் நிலுவை ஊதியத்துக்காகத் திரும்பத் திரும்பப் போராட வேண்டியுள்ளது. நோயாளிக்கு இலவசமான சேவை, தொழிலாளியின் வயிற்றில் அடித்து நடத்தப்படக் கூடாது. நோயாளியின் கோபத்தையும் ஊழியரின் கோபத்தையும் ஒன்றுசேர்ப்பது தொழிற்சங்கத்தின் பொறுப்பு.

கோரிக்கைகள்

அவசர உதவியை அழைப்பதற்கோ, மீட்கப்படுவதற்கோ எந்தப் பெயரிலும் கட்டணம் கூடாது. பேரிடர் மீட்புக்காக மாநிலங்களுக்கு அனுப்பிய கட்டணக் கோரிக்கைகளை ஒன்றிய அரசு கைவிட வேண்டும். அரசு ஆம்புலன்ஸ் கிடைக்காத நிலையில் தனியார் வண்டியில் செல்லும் ஏழை நோயாளியின் செலவை அரசே ஏற்க வேண்டும். மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு மக்கள்தொகையை அல்லாமல் பயண நேரத்தை அளவுகோலாகக் கொண்டு வண்டிகளை ஒதுக்க வேண்டும். வட்டவடையில் இரவும் பகலும் ஒரு வண்டி நிற்க வேண்டும். அங்குள்ள அரசு மருத்துவ நிலையத்தில் இரவிலும் மருத்துவர் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் தமிழ் அறிந்த ஊழியர்கள் வேண்டும். கோட்டயத்தைவிடத் தேனி மருத்துவக் கல்லூரி அருகில் இருப்பதால், எல்லை தாண்டித் தடையின்றிச் செல்ல இரு மாநில அரசுகளும் உடன்பாடு காண வேண்டும். 108 ஊழியர்களை அரசு ஊழியர்களாக்க வேண்டும்.

இவற்றை மனுவாக அளித்துவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை. கட்சிக் கிளைகள் தத்தம் பகுதியில் கணக்கெடுக்க வேண்டும்: கடந்த ஓராண்டில் எத்தனை வீடுகள் ஆம்புலன்ஸை அழைத்தன, எத்தனை அழைப்புக்கு வண்டி வந்தது, எவ்வளவு நேரம் ஆனது, தனியார் வண்டிக்காக எத்தனை குடும்பங்கள் கடன் வாங்கின? அந்தக் கணக்கை ஊராட்சிக் கூட்டத்தில் வைத்துப் பேச வேண்டும். வட்டவடையில் தொடங்கினாலும் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. வால்பாறையிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் நீலகிரியிலும் இதே கேள்விகள் காத்திருக்கின்றன.

நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் நோய்க்கும் எதிராக மனிதர் ஒருவரையொருவர் காத்துக்கொள்வதற்காகவே சமூகமாக வாழத் தொடங்கினர். அந்தக் காவலுக்கு உழைப்பாளி தன் வரியின் மூலம் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார். ஆபத்து நேரத்தில் அவரிடம் மீண்டும் கை நீட்டும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.