எருவுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு படிப்பு: வேளாண் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மாண்பமை துணைவேந்தர் அவர்கள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்.

பொருள்: வடசென்னையில் இயற்கை வேளாண்மைப் பட்டயப் படிப்பு தொடங்கக் கோருதல்.

தமிழ்நாட்டில் வேளாண் கல்வி தொடங்கிய இடம் சென்னை என்பதைத் துணைவேந்தர் அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1868-இல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தோன்றி, 1906-இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்த நிறுவனத்திற்கு, தான் பிறந்த மாநகரத்தில் இன்று உறுப்புக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. நிலமற்ற நகரத்தில் உழவுக் கல்வி எதற்கு என்று கேட்போர் உண்டு, வடசென்னையில் எம்.கே.பி. நகர் என வழங்கும் மகாகவி பாரதி நகரைச் சுற்றியுள்ள பகுதிகளை ஒருமுறை பார்த்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இந்நகருக்கு அடுத்திருக்கும் கொடுங்கையூரில் 250 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மாநகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்திருக்கிறது. வடக்கே மணலியில், 1966-இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனமான மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை யூரியா தயாரிக்கிறது. மேற்கே மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இயங்குகிறது. இரசாயன உரம், மட்கும் கழிவு, கால்நடை அறிவு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இவ்வளவு அருகில் அமைந்த வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு எங்கும் எளிதில் அகப்படாது. ஆயினும் இவை மூன்றையும் இணைத்துப் படிக்க இங்குள்ள மாணவருக்கு ஓர் இடமில்லை.

இயற்கை வேளாண்மை, அரசு ஆவணங்களின் வழக்கில் அங்கக வேளாண்மை, என்பது செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல், மண்ணின் உயிர்ப்பொருளைப் பெருக்கிப் பயிர் வளர்க்கும் முறையாகும். இம்முறையின் முதன்மையான இடர்ப்பாடு கணக்கில்தான் இருக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 விழுக்காடு, அதாவது சுமார் 20.7 கிலோ, தழைச்சத்து இருக்க, 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகரக் குப்பை எருவில் இருக்க வேண்டிய குறைந்த அளவு 0.8 விழுக்காடுதான், ஆகவே ஒரு மூட்டை யூரியாவிற்கு ஈடுகட்ட அத்தகைய எரு 2,600 கிலோ அளவுக்குத் தேவைப்படும், அதுவும் தன் தழைச்சத்தை மெதுவாகவே வெளியிடும். இவ்வளவு எருவை உழவரின் மாட்டுத் தொழுவம் மட்டும் தந்துவிட முடியாது. வயலில் விளைந்தவற்றை நாள்தோறும் உண்டு கழிக்கும் நகரமே அந்தச் சத்தைத் திருப்பித் தரும் கடமையுடையது.

நகர எருவை அப்படியே வயலில் இறக்கிவிட முடியாது என்பதும் உண்மை. காய்கறிக் கழிவைக் குவித்து ஈரமும் காற்றும் சீராகக் கொடுத்தால், சில நாள்களில் குவியலின் உள்வெப்பம் 55 பாகை செல்சியஸைத் தாண்டி நோய்க்கிருமிகளை அழிக்கிறது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது என்பது ஈரத்தை அறியும் எளிய வழி. முழுதும் மட்காத எருவை இட்டால், அதிலுள்ள மிகுதியான கரிமத்தைச் சிதைக்க நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளாகிவிடும். எனவேதான் கரிமத்திற்கும் தழைச்சத்திற்கும் உள்ள விகிதம் 20-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அதே உரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுக்கிறது. பேட்டரி, சாயம், மின்னணுக் கழிவு ஆகியவற்றோடு கலந்த குப்பையிலோ காரீயமும் காட்மியமும் சேர்ந்துவிடுகின்றன; ஒரு கிலோ எருவில் காரீயம் 100 மில்லிகிராமும் காட்மியம் 5 மில்லிகிராமும் மிகக்கூடாது. அங்ககச் சான்று பெற விரும்பும் பண்ணைக்கு நிபந்தனை இன்னும் கடுமையானது: தரம் பிரித்துத் திரட்டி, மாசு கண்காணிக்கப்பட்ட கழிவிலிருந்து வந்த எருவுக்கே, அதுவும் கட்டுப்பாட்டுடன், தேசியத் தரநிலைகள் இடமளிக்கின்றன. கொடுங்கையூரில் பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கும்போது கிடைக்கும் பொடிமண்ணும் சோதனையின்றி வயலுக்குப் போகத் தகுந்ததன்று. இவற்றை அளந்து சொல்லக்கூடியவர் நகரத்திற்கும் உழவருக்கும் ஒருங்கே தேவைப்படுகிறார்; அவரை உருவாக்கும் படிப்புதான் இல்லை.

கோவையில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பெயரால் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி மையம் இயங்குவது பாராட்டுக்குரியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அப்பணியை விட்டு வெளியேறி ஊர் ஊராக நடந்தவர் அவர். அவர் வகுப்பறைக்கு வெளியே சொன்னவை வகுப்பறைக்குள் முழுமையாக வந்துவிட்டன என்று கூற இயலாது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாம் முதல்வர்கள் குழு வகுத்த நான்காண்டுப் பாடத்திட்டத்தில் அங்கக வேளாண்மைக்குக் கிடைத்த தனித்தாள் இரண்டு மதிப்பலகு கொண்டது. அதாவது ஒரு பருவத்திற்கு வாரம் ஒரு மணி வகுப்பும் ஒரு செய்முறை அமர்வும் மட்டுமே. ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகம் 1981-லேயே இத்துறைக்கெனத் தனிப் பேராசிரியப் பதவி ஏற்படுத்தியதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது தகும்.

படிப்பின்றிக் கொள்கை மட்டும் வந்தால் என்னவாகும் என்பதற்கு இலங்கை சான்று. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் நிறுத்திய அந்நாடு, போதிய எருவும் பயிற்சி பெற்ற அலுவலரும் இல்லாமையால் விளைச்சல் சரிய, நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டது. அத்தோல்வியை இயற்கை வேளாண்மையின் தோல்வியாகக் காட்டுவது எளிது, ஆனால் நேர்மையன்று. ஆயத்தமில்லாத ஆணையின் தோல்வி அது. தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டுள்ள நிலையில், கொள்கையை நடைமுறைப்படுத்தும் கைகள் எங்கே பயிற்சி பெறும் என்ற கேள்வி பல்கலைக்கழகத்தையே சாரும்.

ஆகவே, வேதியியல், தாவரவியல், நுண்ணுயிரியல் பட்டம் பெற்ற வடசென்னை இளைஞருக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றை, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியோடு இணைந்து தொடங்கலாம் என்பதே இம்மடலின் வேண்டுகோள். எருவின் வேதியியல், நுண்ணுயிர் உரம், மண் பரிசோதனை, சான்றளிப்பு விதிகள் ஆகியவை பாடங்களாகலாம். வயல் பயிற்சியைத் திருவள்ளூர் மாவட்டம் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடத்தலாம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் முறைப்பணி செய்து குடும்பத்தைத் தாங்கும் இளைஞர்கள் இங்கே மிகுதி என்பதால் மாலை வகுப்பு இன்றியமையாதது. பாடமொழி தமிழாகவும் இருத்தல் வேண்டும். பஞ்சகவ்யம் போன்ற கரைசல்களைப் புகழ்ந்து பேசும் பாடமாக அது அமைந்துவிடாமல், அவற்றையும் ஆய்வகத்தில் சோதித்து, பயன்படுவதைப் பயன்படும் என்றும் படாததைப் படாது என்றும் எழுதப் பழக்கும் பாடமாக அமைய வேண்டும்.

இப்படிப்பை முடித்தவரை எருக்கூடங்களின் தரக் கண்காணிப்பாளராக அமர்த்துவது குறித்து மாநகராட்சியுடன் பல்கலைக்கழகமே உடன்பாடு செய்துகொள்ளுதல் நலம். வேலையில்லாத சான்றிதழ் வடசென்னைக்குப் புதிதன்று. அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இக்கோரிக்கையைச் சேர்த்து, அதன் முடிவு எதுவாயினும் எழுத்துவழித் தெரிவிக்குமாறு துணைவேந்தர் அவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.

எம்.கே.பி. நகர், சென்னை – 600 039.