வேலி முளைத்த பிறகு வரைந்த வரைபடம்

2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு பெரிய அறிவியல் திட்டத்துக்கு ‘முடியாது’ என்றது. நீலகிரி மாவட்டம் மசினகுடியை அடுத்த சிங்காராவில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க விஞ்ஞானிகள் இடம் கேட்டிருந்தார்கள். ஆய்வகம் இருக்கப்போவது பாறைக்கு அடியில்தான். ஆனால் கட்டி முடிக்கும் வரை ஆண்டுக்கணக்கில் லாரிகள் காட்டுச் சாலையில் ஓட வேண்டும். அந்த இடமோ முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டி, யானைகள் நடமாடும் பாதையில் இருக்கிறது. வேறு இடம் பாருங்கள் என்று சொல்லி, தேனி மாவட்டத்தைக் கைகாட்டினார் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். சிங்காரா கைவிடப்பட்டது.

சரியான முடிவு அது. ஆனால் அதே காலத்தில், சிங்காராவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி பொக்காபுரத்திலும் மாவனல்லாவிலும் ரிசார்ட்டுகளும் காட்டேஜ்களும் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. நாட்டின் விஞ்ஞானிகளுக்கு மறுக்கப்பட்ட நிலத்தில், வார இறுதி விருந்தினருக்கு அறை கட்ட முடிந்தது. ஆய்வகம் டெல்லியில் போய் அனுமதி கேட்டது, அதனால் மாட்டிக்கொண்டது. காட்டேஜ் கட்டியவர்களில் பலர் குடியிருப்புக்கு என்று அனுமதி வாங்கி விடுதி நடத்தினார்கள். எதற்குமே அனுமதி வாங்காதவர்களும் இருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

இந்த ஊர்கள் இருக்கிற சீகூர் பீடபூமியை வரைபடத்தில் பார்த்தால் விஷயம் ஒரு நிமிடத்தில் விளங்கும். தெற்கே நீலகிரி மலைச்சரிவு செங்குத்தாக எழுகிறது. வடக்கே மாயாறு பாதாளப் பள்ளமாக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே, முள்மரங்களும் புதர்களும் நிறைந்த, மழை குறைந்த ஒரு தட்டைநிலம். முதுமலை, பந்திப்பூர் பக்கமிருந்து சத்தியமங்கலம் காடுகளுக்குப் போகிற யானைக்கூட்டம் இந்த இடுக்கு வழியாகப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கிற நிலம் இது. வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்குமேல் தண்ணீரும், ஏறக்குறைய 150 கிலோ தீவனமும் தேவை. ஒரே இடத்தில் நின்று அவ்வளவையும் தேடிக்கொள்ள எந்தக் காடும் இடம் கொடுக்காது. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம், செம்மநத்தம் ஆகிய ஊர்கள் அந்த இடுக்கிலேயே இருக்கின்றன.

அந்த ஊர்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இருளரும் குறும்பரும் எத்தனையோ தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். 1932இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் வந்தது. பின்னர் மாயாற்றில் இன்னொன்று. அணை கட்டவும் குழாய் பதிக்கவும் அரசே ஆட்களைக் கொண்டுவந்தது. வேலை முடிந்ததும் பலர் அங்கேயே தங்கி, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளை இன்று ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற ஒரே பெயரில், 2000-களில் நிலம் வாங்கி நீச்சல்குளம் வெட்டியவரோடு சேர்த்துவைத்துப் பேசுவது அநியாயம்.

விதிகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949இல் வந்தது. மலைப்பகுதி மரங்களுக்கான சட்டம் 1955இல். மக்கள் ‘ஹாகா’ என்று சுருக்கமாகச் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அமைந்தது. முதுமலை 1940 முதலே சரணாலயம். 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. காகிதத்துக்குக் குறைவில்லை. குறை இருந்தது வேறு இடத்தில். வருவாய்த் துறைக்கு அது பட்டா நிலம். ஊராட்சிக்கு வீட்டுவரி வரும் கட்டடம். மின்வாரியத்துக்கு ஓர் இணைப்பு. வனத்துறை தன் எல்லைக்கல்லுக்கு வெளியே நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது. யானை எங்கே நடக்கிறது என்பதை நில ஆவணத்தில் எழுதிவைக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவித்து அரசாணை வெளியிட்டது 2010 ஆகஸ்ட் 31 அன்று. அதற்குள் வேலி போட்டாயிற்று, அறை கட்டியாயிற்று, விருந்தினர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை உறுதிசெய்து, மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னது. உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சாட்டையைச் சொடுக்கியதும், மாவட்ட நிர்வாகம் 27 ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தது. 2020 அக்டோபர் 14 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இறுதித் தீர்ப்புச் சொன்னது: அரசாணை செல்லும், தனித்தனி ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைக்கப்படும். அதாவது, எந்த சர்வே எண் வழித்தடத்துக்குள் வருகிறது, எது வெளியே என்ற கேள்விக்கே, அறிவித்துப் பத்தாண்டு கழித்து ஒரு குழு உட்கார வேண்டியிருந்தது.

அந்தப் பத்தாண்டில் யானைகள் நடப்பதை நிறுத்தி வைக்கவில்லை. 2021 ஜனவரியில் மசினகுடிப் பகுதியில் முதுகில் காயத்தோடு ஓர் ஆண் யானை சுற்றிக்கொண்டிருந்தது. காது கிழிந்து ரத்தம் வடிந்த அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, தெப்பக்காடு முகாமுக்கு லாரியில் ஏற்றினார்கள். 19ஆம் தேதி, போகிற வழியிலேயே அது இறந்தது. சில நாளில் ஒரு வீடியோ வெளிவந்தது. இரவில் மாவனல்லாவில் ஒரு தங்கும் விடுதி அருகே வந்த யானைமீது எரியும் டயரை வீசுகிறார்கள். தீ காதில் மாட்டிக்கொள்ள, யானை பிளிறியபடி இருட்டில் ஓடுகிறது. இன்னொரு வீடியோவில், லாரியில் கிடந்த உடலின் தும்பிக்கையைப் பிடித்தபடி வனத்துறை ஊழியர் ஒருவர் அழுகிறார். இரண்டையும் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. அதன் பிறகுதான் உரிமம் இல்லாத விடுதிகளை அதிகாரிகள் ஊர் ஊராகத் தேடிப் பூட்டினார்கள்.

டயரை வீசியவர்கள் குற்றவாளிகள், சந்தேகமில்லை. ஆனால் யானை இரவில் தண்ணீருக்கு வருகிற வழியில் படுக்கையறை கட்ட முடிந்தது எப்படி என்பதுதான் இங்கே பேச வேண்டியது. பாதுகாக்கப்பட்ட காட்டை ஒட்டிய தனியார் நிலத்துக்கான விதி, கட்டடம் வருவதற்கு முன்பே, ஒவ்வொரு சர்வே எண்ணின்மீதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டிய பிறகு வருகிற விதி யாரையும் காப்பாற்றுவதில்லை. போட்ட முதலுக்காக உரிமையாளர் கடைசிவரை வழக்காடுவார், அங்கே வேலை பார்த்த உள்ளூர்ப் பையன் சம்பளத்தை இழப்பான், யானை வேலியைச் சுற்றி வாழைத்தோட்டத்துக்குள் போகும்.

முன்கூட்டியே வரைய முடியுமா? அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் அரை நூற்றாண்டுக்கு முன் வரைந்திருக்கிறது. அங்கே அடிராண்டாக் பூங்கா 1892இல் அறிவிக்கப்பட்டது. 60 லட்சம் ஏக்கர், தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அதில் பாதிக்குமேல் தனியார் நிலம்; ஊர்கள், கடைகள், பள்ளிகள் எல்லாம் உள்ளே உண்டு. அரசு வனத்தை என்றென்றும் காடாகவே வைத்திருக்க வேண்டும் என்று 1894இலேயே மாநில அரசமைப்பில் எழுதிவிட்டார்கள். தனியார் நிலத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை. 1972 வாக்கில் ஹொரைசன் என்ற மனை வணிக நிறுவனம் அங்கே ஏறக்குறைய 24,000 ஏக்கரை வாங்கி, சுமார் 10,000 வீடுகள் கட்டப்போவதாகச் சொன்னதும் பலருக்கும் வயிற்றைக் கலக்கியது.

1973இல் வந்தது நிலப்பயன்பாட்டுத் திட்டம். தனியார் நிலம் முழுவதையும் ஆறு வகையாகப் பிரித்து வரைபடத்தில் வண்ணம் பூசினார்கள். ஊர் நத்தம் பழுப்பு. அங்கே கட்டட நெருக்கத்துக்கு வரம்பே இல்லை. ஊர் வளர வேண்டிய இடம் அதுதான். அடுத்தடுத்த வகைகளில் சதுர மைலுக்கு 500, 200, 75 என்று முதன்மைக் கட்டடங்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகும். பச்சை பூசிய காட்டு நிலத்தில் சதுர மைலுக்குப் 15 மட்டுமே, அதாவது ஏறத்தாழ 43 ஏக்கருக்கு ஒன்று. ஏரிக்கரையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும் என்பதும் வகைக்கு வகை மாறும்: ஊருக்குள் 50 அடி, காட்டு நிலத்தில் 100 அடி. ஒருவர் நிலம் வாங்கும்போதே அதில் என்ன கட்டலாம், எத்தனை கட்டலாம் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஊர்க்காரர்கள் இதைக் கைதட்டி வரவேற்கவில்லை. எங்கள் நிலத்தில் நியூயார்க் நகரத்தார் நாட்டாமை செய்வதா என்று கொதித்தார்கள். 1976இல், இந்த விதிகளை அமல்படுத்தும் பூங்கா முகமையின் அலுவலகத்துக்குத் தீ வைக்கக்கூட முயற்சி நடந்தது. விதியிலும் ஓட்டை உண்டு. டப்பர் லேக் என்ற ஊரருகே 6,000 ஏக்கருக்குமேல் பரந்த ஓர் உல்லாசக் குடியிருப்புத் திட்டத்துக்கு 2012இல் முகமையே பத்துக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி தந்தது. மொத்தப் பரப்புக்கு இத்தனை கட்டடம் என்று சராசரி பார்க்கிற விதி, காட்டுக்குள் வீட்டைச் சிதறிக் கட்டுவதைத் தடுக்கவில்லை. சூழலியலாளர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஆனாலும், ஹொரைசன் கனவு கண்ட அந்த 10,000 வீட்டு நகரம் இன்றுவரை எழவில்லை.

நீலகிரியில் இந்த 43 ஏக்கர் கணக்கு செல்லாது. அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்திருக்கிற ஊர் இது. எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணை அல்ல, முறையை. ஊர் எங்கே வளரலாம் என்று தாராளமாகக் காட்டிவிட்டு, வளரக் கூடாத இடத்தைக் கறாராகக் காட்டுகிற முறை அது.

நாம் பழகியிருப்பது வேறு முறை. காட்டின் எல்லையிலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டுவிடுவது. 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் பாதுகாக்கப்பட்ட காடு ஒவ்வொன்றையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்றது. சென்னை கிண்டி தேசியப் பூங்காவுக்கும் மும்பை சஞ்சய் காந்தி பூங்காவுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதை அந்தத் தீர்ப்பே ஒப்புக்கொண்டது. கேரளத்தில் மலையோர விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அந்தக் கட்டளையைத் தளர்த்தியது. யானை ஒரு கிலோமீட்டர் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. சீகூரில் அது காப்பக எல்லையிலிருந்து வெகுதூரம் தள்ளியும் பட்டா நிலத்தில் நடக்கும். வேறிடத்தில் எல்லையை ஒட்டிய நூறு மீட்டருக்குக்கூட வராது.

2024 கோடையில் தமிழக வனத்துறை மாநிலம் முழுவதும் 42 யானை வழித்தடங்களை அடையாளம் கண்டு வரைவறிக்கை வெளியிட்டது. சீகூரில் தவறவிட்டதை மற்ற இடங்களில் முன்கூட்டியே செய்ய அது நல்ல வாய்ப்பு. ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, கருத்துச் சொல்ல முதலில் கொடுத்த அவகாசமோ சில நாட்கள்தான். கூடலூர், ஓவேலி பக்கம் மக்கள் பதறிப்போனார்கள். அங்கே நிலச்சிக்கல் ஏற்கெனவே ஆழமானது: 1969 ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பிரச்சினை தீராமல், பல்லாயிரம் பேர் பட்டா இல்லாமலே வாழ்கிறார்கள். வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கவே அலைகிறவரிடம் ‘உங்கள் ஊர் வழித்தடத்தில் இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் அவருக்கு யானைமீது பரிவு வருமா, கோபம் வருமா?

ஆகவே அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. வழித்தடத்துக்குள் இருக்கும் நத்தத்தையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் முதலில் வரைபடத்தில் தனியே பிரித்துக் காட்டி, இங்கே வீடு, பள்ளி, மருத்துவமனை கட்டத் தடை இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கு வெளியே உள்ள பட்டா நிலத்தில் விவசாயம் செய்யலாம், உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டலாம். விடுதி கூடாது, யானையை மறிக்கும் மின்வேலி கூடாது. யானைகள் கட்டாயம் கடந்தே தீர வேண்டிய ஒடுக்கமான துண்டுகளை மட்டும் அரசு விலை கொடுத்து வாங்க வேண்டும், நில எடுப்புச் சட்டம் சொல்லும் நியாயமான விலைக்கு. கோவில்யானைக்குக் கொட்டகை போடவும் சுற்றுலாவுக்குச் சாலை அகலப்படுத்தவும் கிடைக்கிற பணம் இதற்குக் கிடைக்காதா?

இன்னொன்று, எல்லாவற்றையும்விட எளிது. நிலம் வாங்கப்போகிறவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்குகிறார். அந்த நிலத்தை யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம் என்பதெல்லாம் அதில் வரும். யானை வழித்தடம் என்பது வராது. வழித்தடத்தில் விழும் சர்வே எண்களைப் பட்டாவிலும் புலப்படத்திலும் பதிந்து, பதிவின்போதே திரையில் காட்டினால் போதும், கோவையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ காட்டேஜ் கட்ட வருகிறவர் முன்பணம் கொடுக்கும் முன்பே யோசிப்பார். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது. அனுமதி கொடுத்த அதிகாரியும் தெரியாது என்று கைவிரிக்க முடியாது.

இதை 42 வழித்தடங்களுக்கும் ஒரே நாளில் செய்ய முடியாதுதான். வருவாய்த் துறையும் வனத்துறையும் சேர்ந்து அளக்க வேண்டும். அளந்ததைத் தமிழில் எழுதி, கிராம சபையில் சர்வே எண் வாரியாக வாசித்து, ஆட்சேபம் கேட்டு, பிறகு இறுதி செய்ய வேண்டும். சீகூரில் எந்த நிலம் உள்ளே, எது வெளியே என்ற கேள்வி ஏற்கெனவே நீதிமன்றக் குழுவரை போயிருப்பதால், தொடங்க வேண்டிய இடம் அதுதான். அந்த சர்வே எண்களை மாவட்ட நிர்வாகம் பட்டாவில் ஏற்றட்டும். மீதி ஊர்களுக்கு அதையே மாதிரியாகக் கொண்டுபோகலாம்.