இரண்டாவது கோல்கீப்பர் இல்லாமல் அணியை இறக்காதீர்கள்

கோவையின் உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடை வட்டாரத்துக்குக் கால்பந்து புதிதல்ல. பாலக்காட்டுப் பேருந்துகள் வந்துபோகும் இந்தப் பகுதிக்கு மலையாளக் கரையின் செவன்ஸ் எனும் எழுவர் ஆட்டமும் பழக்கமானதுதான். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில், அதையே சொந்த மைதானமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியபோது, இந்த ஊரின் கால்பந்துக்கு நாடறிந்த ஒரு முகவரி கிடைத்தது. இன்று வாடகை டர்ஃப்களில் இரவிலும் விளக்கு அணைவதில்லை. விடுமுறை வந்தால் கோப்பைப் போட்டிகள் களைகட்டுகின்றன. ஆட்டம் இவ்வளவு பெருகிய பிறகும் ஒரு கேள்விக்கு நம்மிடம் தெளிவான பதில் இல்லை: கோல்கீப்பரின் தலையில் அடிபட்டால் அவரை யார் வெளியே அழைத்து வருவது, அவருக்குப் பதிலாக யார் நிற்பது? மாற்று கோல்கீப்பர் பெயரைப் பட்டியலில் தராத அணியை இறக்கவே கூடாது என்பதும், அடிபட்டவரை வெளியேற்றும் முடிவு அவருடைய அணியின் கையில் இருக்கக் கூடாது என்பதும் என் வாதம்.

மற்ற பத்துப் பேரும் காலால் ஆடும் பந்தை கோல்கீப்பர் ஒருவர்தான் தலையைத் தாழ்த்திப் பாய்ந்து கையால் பிடிக்கிறார். ஓடிவரும் முன்கள வீரரின் முழங்காலும் பாயும் கோல்கீப்பரின் நெற்றியும் ஒரே உயரத்தில் சந்திக்கின்றன. உயரப் பந்துக்குக் கையைத் தூக்கி எம்பும்போது விலா, கழுத்து, தாடை மூன்றும் திறந்து கிடக்கின்றன. கண்ணோ பந்தின் மீதே இருக்கிறது. இதை உணர்ந்துதான் பந்து கோல்கீப்பரின் கையில் இருக்கும்போது எதிரணியினர் அவரிடம் மோதக் கூடாது என்று விதி சொல்கிறது. அதே விதிப் புத்தகத்தில் இன்னொரு சலுகையும் உண்டு. களத்தில் சிகிச்சை பெறும் வீரர் பொதுவாகக் கோட்டுக்கு வெளியே போய்விட்டுத்தான் திரும்ப வேண்டும். கோல்கீப்பருக்கு அதிலிருந்து விலக்கு. ஆட்டம் கோல்கீப்பர் இல்லாமல் நடக்க முடியாது என்பதால் வந்த நியாயமான விலக்கு இது. ஆனால் நடைமுறையில் அதன் விளைவு வேறு. இரு அணியும் நடுவரும் பார்வையாளர்களும் காத்திருக்க, கோல் வாயிலிலேயே முகத்தில் தண்ணீர் தெளித்து, ‘எந்திரிச்சுருவியா?’ என்று கேட்டு, எழுந்தவுடன் ஆட்டத்தைத் தொடர்கிறார்கள்.

எழுந்து நிற்பது நலமாக இருப்பதற்குச் சான்றல்ல. 1956 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன், பர்மிங்காம் வீரருடன் மோதிக் கழுத்து எலும்பு முறிந்த நிலையிலும் கடைசிவரை ஆடினார். முறிவு தெரியவந்ததே சில நாட்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான். அதை வீரம் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். மாற்று வீரரை இறக்க அன்று விதியே இல்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 2006 அக்டோபர் 14 அன்று ரெடிங் அணிக்கு எதிரான ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே செல்சியின் பெட்ர் செக்குக்கு மண்டையோடு உடைந்து உள்ளே அமுங்கியது. அவருக்குப் பதிலாக வந்த குடிசினியும் அதே ஆட்டத்தில் மோதி நினைவிழக்க, தடுப்பாட்ட வீரர் ஜான் டெர்ரி கையுறை மாட்டி கோலுக்கு நடுவே நின்றார். 2013இல் டாட்டனம் கோல்கீப்பர் யூகோ லோரிஸ், எதிரணியின் லுகாகுவின் முழங்கால் பட்டு நினைவிழந்தும், தானே ஆடுவதாகச் சொல்லி ஆடினார். 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் செர்ஜியோ ராமோஸின் முழங்கை பட்ட லிவர்பூலின் காரியஸ், அதற்குப் பிறகு செய்த தவறுகளால் உலகத்தின் ஏச்சுக்கு ஆளானார். அவருக்கு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்ததாகப் பின்னர் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். உலகின் மிகப் பெரிய மேடையில், அத்தனை கேமராக்களுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவிலேயே அந்த அதிர்ச்சி கண்ணுக்குத் தப்பிவிட்டது என்றால், ஒரு முதலுதவிப் பெட்டியை வைத்துக்கொண்டு நடக்கும் நம் போட்டிகளில் ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்ற வீரரின் சொல்லை மட்டும் நம்புவது எப்படிச் சரியாகும்?

அந்தச் சொல்லை நம்ப முடியாததற்கு மருத்துவக் காரணமும் உண்டு. மூளையதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதில்லை. சாதாரண ஸ்கேனிலும் அது தெரியாது. குழப்பம், மந்தம், ஒளியைக் கண்டால் கூச்சம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது போன்றவையே அறிகுறிகள். தன் நிலையைத் தானே எடைபோடும் திறனையே அது கலைத்துவிடலாம். மண்டையோட்டுக்கு அடியில் ரத்தம் கசிந்தவர் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு மயங்கிச் சரிவதும் உண்டு. முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், குறிப்பாக வளரும் வயதில், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அடிபட்ட அதே நாளில் மீண்டும் ஆடக் கூடாது என்று விளையாட்டு மருத்துவம் ஒரே குரலில் சொல்வது இதனால்தான். பிரிட்டனில் உள்ளூர் விளையாட்டுகளுக்காக 2023இல் வெளியான வழிகாட்டுதல், குறைந்தது 21 நாட்களுக்குப் போட்டிக்குத் திரும்பக் கூடாது என்கிறது.

கோல்கீப்பர்களுக்கு ஏற்கெனவே நடுவர்கள் அளவுக்கு மீறிச் சலுகை தருகிறார்கள், இன்னும் பாதுகாத்தால் ஆட்டத்தில் ஆட்டமே இருக்காது என்று முன்கள வீரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். கோல்கீப்பரே ஆபத்தாவதும் உண்மைதான். 1982 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர் மோதியதில் பிரான்ஸின் பத்திஸ்தோன் நினைவிழந்து, பற்களை இழந்தார். நடுவர் ஃபவுல்கூடத் தரவில்லை. நம் நாட்டிலேயே 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், தன் இரண்டாவது கோலை அடித்த கணத்தில் மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலுடன் மோதி விழுந்து இறந்தார். மைதானத்தின் மருத்துவ ஏற்பாடு போதவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. 2017இல் இந்தோனேசியாவின் பெர்செலா அணி கோல்கீப்பர் கொய்ருல் ஹுடா உயிரிழந்தது சொந்த அணி வீரருடன் மோதியதில்தான். ஆகவே நான் கேட்பது கோல்கீப்பருக்குக் கூடுதல் ஃப்ரீ கிக் அல்ல. எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் மோதலுக்குச் சிவப்பு அட்டை என்ற விதி இருபுறமும் கறாராக நடக்கட்டும். மோதலுக்குப் பிறகு வரும் நிமிடங்களில் யார் முடிவெடுப்பது என்பதே மீதிக் கேள்வி.

எல்லோருக்கும் தலைக்கவசம் மாட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். செக் அந்தக் காயத்துக்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கவசம் அணிந்தே ஆடினார். மென்மையான கவசத்தை விதியும் அனுமதிக்கிறது. தோல் கிழிவதையும் வெட்டுக் காயத்தையும் அது குறைக்கலாம். ஆனால் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி வீரர்கள் 2,700 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வில், கவசம் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் மூளையதிர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மண்டைக்குள் மூளை குலுங்குவதை வெளியே கட்டும் பஞ்சு தடுக்காது. கவசம் வாங்கித் தந்துவிட்டோம் என்ற நிம்மதியில் மற்ற ஏற்பாடுகளைக் கைவிடுவதே அதில் உள்ள ஆபத்து.

தலைக்காயத்துக்கெனக் கூடுதல் மாற்று வீரரை அனுமதித்தால் நேரம் கடத்தவும் ஏமாற்றவும் வழியாகும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இதைக் கிரிக்கெட் சந்தித்துவிட்டது. 2014இல் பந்து தாக்கி பிலிப் ஹியூஸ் இறந்த பிறகு நடந்த விவாதங்களின் தொடர்ச்சியாக, 2019இல் சர்வதேச ஆட்டங்களில் மூளையதிர்ச்சி மாற்று வீரர் விதி வந்தது. 2020 டிசம்பர் 4 அன்று கான்பெராவில் ஹெல்மெட்டில் அடிபட்ட இந்திய வீரர் ஜடேஜாவுக்குப் பதில் இறங்கிய சாஹல் 25 ரன்னுக்கு 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். எதிரணியான ஆஸ்திரேலியா முணுமுணுத்தது, ஆனாலும் விதி திரும்பப் பெறப்படவில்லை. கால்பந்து விதிக் குழுவும் 2021 முதல் சோதித்துப் பார்த்து, 2024 ஜூலையில் மூளையதிர்ச்சி மாற்றைத் தொடர்கள் விரும்பினால் ஏற்கலாம் என்று விதிப் புத்தகத்தில் சேர்த்துவிட்டது. ஒரு அணி இந்த மாற்றைப் பயன்படுத்தினால் எதிரணிக்கும் ஒரு கூடுதல் மாற்று கிடைக்கும். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. ஏமாற்றுபவருக்கு இதில் லாபம் குறைவு.

இதற்கான செலவும் பெரிதல்ல. கோவை மாவட்டக் கால்பந்துச் சங்கம் தன் லீக் ஆட்டங்களிலும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் முதலமைச்சர் கோப்பையிலும் நான்கு நிபந்தனைகளைப் போட வேண்டும். அணிப் பட்டியலில் இரண்டு கோல்கீப்பர்கள். ஆளில்லாத சிறிய அணியாக இருந்தால், கையுறையோடு பயிற்சி எடுத்த ஒரு களவீரர். தலைக்காயத்துக்குக் கணக்கில் சேராத மாற்று. எந்த அணியையும் சேராத, முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர். அடிபட்டவர் ஆட வேண்டாம் என்று அவர் சொன்னால் பயிற்சியாளரோ பெற்றோரோ மறுக்க முடியாது. ஆம்புலன்ஸ் நுழையத் திறந்த வாயிலும், அடிபட்டவரை இரவு முழுக்கக் கவனிக்க வேண்டும் என்று வீட்டாரிடம் எழுதித் தரும் தாளும். உக்கடத்திலிருந்து திருச்சி சாலை அரசு மருத்துவமனை தொலைவில் இல்லை. 108 அழைப்பு இலவசம். மைதானத்தை வாடகைக்குத் தரும் மாநகராட்சியும் டர்ஃப் உரிமையாளர்களும் அசையாத கோல் கம்பத்தையும், பக்கத்து இரும்புத் தூண்களுக்கு மெத்தை உறையையும் கட்டாயமாக்கலாம்.

கோல்கீப்பர் ஆட்டத்தைக் கைவிட மாட்டார். அந்தப் பிடிவாதத்துக்காகத்தான் அவரை அங்கே நிறுத்துகிறோம். அடிபட்ட பிறகும் நிற்கட்டுமா என்ற கேள்வியை அவரிடமே விடுவது அந்தப் பிடிவாதத்தை அவருக்கு எதிராகவே திருப்பிவிடுவது. அடுத்த கோப்பைக்கு நோட்டீஸ் அச்சடிக்கும் அமைப்பாளர்கள் பரிசுத் தொகைக்கு மேலே இந்த நான்கு நிபந்தனைகளையும் அச்சிடட்டும். ஏற்காத அணி அந்தப் போட்டிக்கு வர வேண்டாம்.