ஓயாத கால்களும் ஆறாத புண்ணும்



நம் நாமக்கல் லாரிகள் கோவையைத் தாண்டி, பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து போனால் திருச்சூர்ச் சீமை வந்துவிடும். தென்னந்தோப்பும் வாய்க்காலுமான அந்தச் சீமையில் புத்தன்சிரா என்று ஒரு கிராமம். 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி அங்கே தோமா, தாண்டா தம்பதியருக்கு ஒரு பெண் பிறந்தாள். திரேசியா என்று பெயர் வைத்தார்கள். 2019 அக்டோபர் 13-ஆம் தேதி ரோமாபுரியில் போப்பாண்டவர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தாரே, மரியம் திரேசியா, அவரேதான். சாமி எந்தச் சாமியாக இருந்தால் என்ன? இந்த அம்மாளின் கதை குடும்பம் நடத்தும் பெண்கள் எல்லாருக்கும் சொந்தமான கதை.

அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் நிலபுலனோடு ஓகோ என்று இருந்ததுதான். தாத்தாவுக்கு ஏழு பெண்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் வரதட்சணை கொடுக்க, நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார். ஏழாவது கல்யாணம் முடிந்தபோது சொத்தும் முடிந்தது. வறுமை தாங்காமல் தகப்பனும் அண்ணனும் குடியில் விழுந்தார்கள். "இது எங்க ஊர்க் கதை மாதிரியே இருக்குதே" என்கிறீர்களா? வரதட்சணைக்கும் குடிக்கும் ஊர் ஏது, மதம் ஏது!

திரேசியாவுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது, 1888-இல், தாய் கண்ணை மூடினாள். அதோடு படிப்பும் நின்றது. சிறு வயதிலிருந்தே உபவாசம், ஜெபம் என்று இருந்த பெண் இவள். வீட்டை விட்டு மலைக்காட்டுக்குப் போய்த் தவம் இருக்கலாம் என்று ஒரு தடவை புறப்பட்டும் பார்த்தாள். அது நடக்கவில்லை. பிறகுதான், தவம் செய்யக் காட்டுக்குப் போவானேன், தெருவிலேயே செய்யலாமே என்பது போல ஒரு காரியத்தைத் தொடங்கினாள்.

மூன்று தோழிகளைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அம்மை கண்டவர்களையும் தொழுநோய் வந்தவர்களையும் சொந்த பந்தங்களே கைவிட்டு ஒதுங்கிய காலம் அது. அவர்களுக்குக் கஞ்சி கொடுப்பது, புண்ணைக் கழுவுவது, தாய் தகப்பன் செத்துப்போன குழந்தைகளை எடுத்து வளர்ப்பது, இதெல்லாம் இந்த நால்வரின் வேலை. ஆண் துணை இல்லாமல் கன்னிப்பெண்கள் தெருவில் நடமாடுவதா என்று ஊர் பேசியது. பேசுகிற வாய் பேசட்டும் என்று இவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

இதற்கு நடுவில் திரேசியாவுக்குக் காட்சிகள் வந்தன. மணிக்கணக்கில் தன்னை மறந்து ஜெபத்தில் இருப்பாள். ஏசுநாதரின் ஐந்து காயங்களைப் போலத் தன் உடம்பிலும் காயங்கள் தோன்றியதை யாருக்கும் காட்டாமல் மறைத்துக்கொண்டாள் என்று வரலாறு சொல்கிறது. ஆனால் ஊர் சும்மா விடுமா? "பேய் பிடிச்சிருக்குது" என்றார்கள். மேற்றிராணியார் ஜான் மேனாச்சேரி ஆண்டகைக்கும் சந்தேகம் வந்து, 1902 முதல் 1905 வரை பல தடவை பேயோட்டும் சடங்கு செய்ய வைத்தார். ஒரு பெண்ணை ஊரார் முன்னால் நிறுத்திப் பேய் விரட்டினால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். திரேசியா பொறுத்துக்கொண்டாள். அவளுடைய ஆன்ம குருவான ஜோசப் விதயத்தில் அடிகளார் கடைசிவரை அவளைக் கைவிடவில்லை.

இவளுக்குப் பெயர் தந்த அவிலா தெரேசம்மாளும் இதே மாதிரி பட்டவர்தான். ஸ்பெயின் தேசத்தில் 1515-இல் பிறந்து, இருபது வயதில் மடத்தில் சேர்ந்தவர். கடும் நோய் கண்டபோது, வேறொரு ஊரில் கைவைத்தியம் செய்யும் ஒரு பெண்ணிடம் கொண்டுபோனார்கள். அவள் பேதி மருந்தாகக் கொடுத்து உடம்பை உருக்கிவிட்டாள். நாலு நாள் நினைவே இல்லை. செத்துவிட்டார் என்று குழிகூட வெட்டிவிட்டார்கள்! பிழைத்து எழுந்தும் ஏறக்குறைய மூன்று வருஷம் கை கால் சரியாக வரவில்லை. அப்படிப்பட்டவர் பிற்பாடு ஊர் ஊராக வண்டியில் போய்ப் பதினேழு மடங்களை ஏற்படுத்தினார். 1970-இல், திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டம் பெற்ற முதல் பெண்ணும் இவரே.

நம் திரேசியாவுக்கு அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. 1903-இல் ஒரு ஜெப வீடு கட்டக் கேட்டார். "வேறு மடத்தில் சேர்ந்து பாரேன்" என்றார்கள். 1912-இல் ஒல்லூர் கார்மேல் மடத்துக்கு அனுப்பியும் பார்த்தார்கள். அங்கே மனம் ஒட்டவில்லை. அடுத்த வருஷம் ஜெப வீட்டுக்கு உத்தரவு கிடைத்தது. 1914 மே 14-ஆம் தேதி திருக்குடும்ப சபை பிறந்தது. பெயரைக் கவனித்தீர்களா? குடும்பம்! குடிகார வீட்டில் வளர்ந்த பெண், குடும்பங்களைத் தேற்றுவதையே தன் சபையின் வேலையாக வைத்தார். உலக யுத்தத்தின் பஞ்ச காலத்திலும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், விடுதி, அநாதை இல்லம் என்று கட்டினார். பன்னிரண்டே வருஷத்தில் ஐம்பத்தைந்து சகோதரிகள் சேர்ந்துவிட்டார்கள்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் மனதில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் ஏதோ ஒரு பொருள் விழுந்து அந்த அம்மாளின் காலில் காயம் பட்டது. அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. புண் ஆறவே இல்லை. 1926 ஜூன் 8-ஆம் தேதி குழிக்காட்டுசேரி மடத்தில் ஐம்பதாவது வயதில் காலமானார். ஊரார் புண்ணையெல்லாம் கழுவியவர், தன் கால் புண்ணால் போனார். 'இன்சுலின்' மருந்தை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போட்டது 1922-இல்தான். பெனிசிலினைக் கண்டுபிடித்ததோ அவர் போன இரண்டு வருஷம் கழித்து.

இன்று அந்த மருந்தெல்லாம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் சர்க்கரைக்காரர்கள் காலை இழப்பது நிற்கவில்லையே, ஏன்? சர்க்கரை அதிகமானால் பாதத்து நரம்பு மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும். முள் குத்தினாலும் தெரியாது. கடலைக்காட்டில் களை வெட்டும்போதும், சவ்வரிசி ஆலைக் களத்தில் கொதிக்கும் தரையில் நிற்கும்போதும், பழனிக்குப் பாதயாத்திரை நடக்கும்போதும் வலி தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும். "வலிக்கலையே, தானா ஆறிப்போகும்" என்று நினைப்பதுதான் ஆபத்து.

ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் தினமும் ராத்திரி படுக்குமுன் பாதத்தைப் பாருங்கள். அடிப்பாதத்துக்கு ஒரு கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். பார்வை மங்கியவர்களுக்கு மருமகளோ பேத்தியோ பார்த்துச் சொல்லட்டும். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். சுடுதண்ணீரில் காலை வைக்கும் வழக்கம் வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள். புண்ணில் சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். காயம் சின்னதாக இருந்தாலும் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். நாள் முழுக்கப் பிறத்தியாருக்காக நடக்கிற கால்கள் உங்களுடையவை. அந்தக் கால்களுக்கு ராத்திரியில் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?